திருவனந்தபுரத்தில் பாம்பு இரை எடுக்காவிட்டால்

வீட்டில் வளர்க்கும் பாம்பு இரையைத் தொடாமல் தலையைத் திருப்பிக்கொண்டால், "பெட்டியில் சூடு போதவில்லை, ஹீட் மேட் வாங்கிப் போடுங்கள்" என்ற யோசனைதான் முதலில் வரும். லண்டனுக்கும் சிகாகோவுக்கும் அது சரியான யோசனை. அங்கே ஆண்டில் பல மாதங்கள் அறை வெப்பம் 18, 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். திருவனந்தபுரத்தில் மார்ச் முதல் மே வரை பகல் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொடும். இரவில்கூட 25 அளவில்தான் நிற்கும். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி அறையில் இது இன்னும் கூடும். அப்படிப்பட்ட அறையில் பாம்புக்குக் கிடைக்காமல் போவது சூடு அல்ல, ஒதுங்கிக்கொள்ள ஒரு குளிர்ந்த மூலை. இந்த ஊரில் இரை எடுக்காத பாம்பைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியதும் அந்த மூலையைத்தான்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பு, நல்ல பாம்பு, சாரை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. தோட்டத்தில் பிடிபட்ட மலைப்பாம்புக் குட்டி "எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று கவலைப்படுகிறவர் செய்ய வேண்டிய ஒரே வேலை, கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலி வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைப்பது. சட்டப்படி வளர்க்கக் கிடைப்பவை வெளிநாட்டு இனங்கள். பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python), அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். பால் பைத்தான் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாத பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோகப் பயந்து, வீட்டிலேயே பட்டினி போட்டுச் சாகவிடும் கொடுமை நடக்கக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

வெப்பத்துக்கும் பசிக்கும் என்ன தொடர்பு? நாம் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கவே செலவாகிறது. பாம்பு அப்படிச் செலவழிப்பதில்லை. வெளியிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. போதும் என்றால் நகர்ந்து போகிறது. அதனால்தான் மாதத்துக்கு ஓரிரு எலியோடு அதனால் வாழ முடிகிறது. ஆனால் ஒரு முழு எலியை எலும்பும் ரோமமுமாக விழுங்கிச் செரிப்பது அதன் உடம்புக்குப் பெரிய வேலை. பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகளில், இரை உள்ளே போன ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரு மடங்காவதும், உடலின் இயக்கம் பல மடங்கு வேகம் பிடிப்பதும் தெரியவந்தன. இவ்வளவும் நடக்க உரிய சூடு வேண்டும். சூடு குறைந்தால் செரிமான நொதிகள் மந்தமாகி, வயிற்றிலுள்ள எலி செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். சூடு மிகுந்தால் பாம்புக்கு இரை இரண்டாம் பட்சமாகி, தப்பிப்பது ஒன்றே குறியாகிவிடும். இரண்டு நிலையிலும் அது வாயைத் திறக்காது.

ஆக, பெட்டிக்கு ஒரே ஒரு வெப்பநிலை போதாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருந்து, எங்கே படுப்பது என்பதைப் பாம்பே முடிவு செய்ய வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனையில் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான முனை 29 முதல் 31, குளிர்ந்த முனை 22 முதல் 25. இரண்டு முனையிலும் உடம்பைச் சுருட்டி முழுதாக ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் இருந்தே ஆக வேண்டும். மறைவிடம் சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால், பயத்தால் பாம்பு அங்கேயே கிடந்து வேகும். குளிர்ந்த பக்கம் காலியாகக் கிடந்தும் பயனில்லை. இந்த ஒரு தவறு எத்தனையோ பெட்டிகளில் கண்ணில் படுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பால் பைத்தானின் தாயகம் கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட நாடுகள். கானாவின் தலைநகர் அக்ரா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை டிகிரியில், திருவனந்தபுரம் எட்டரை டிகிரியில். வெப்பமும் கடற்காற்றும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே வாழும் பாம்புக்கு இங்கே ஏன் கஷ்டம்? காரணம், அந்தப் பாம்பு அக்ராவின் பகல் வெயிலில் வாழ்வதில்லை. எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழித்துவிட்டு இரவில்தான் வெளியே வருகிறது. மண்ணுக்குள் சில அடி ஆழத்தில் பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் எட்டாது. கண்ணாடித் தொட்டியில் அந்த வளை கிடையாது. 34 டிகிரி அறையில் வைத்த தொட்டி, மூலைக்கு மூலை 34 டிகிரியாகவே இருக்கும். தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், குளிர்விக்காது.

மாற்றம் செய்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. நம் தோலின் வெப்பமே 33 டிகிரிக்கு அருகில்தான். 34 டிகிரித் தரை நம் கைக்குச் சூடாகவே தெரியாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கம்பியின் முனையில் சென்சார் உள்ள, குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். சூடான மறைவிடத்தின் தரையில் ஒன்று, குளிர்ந்த மறைவிடத்தின் தரையில் ஒன்று. பாம்பின் வயிறு படும் இடத்தைத்தான் அளக்க வேண்டும், மேலே உள்ள காற்றை அல்ல. மூன்று நாள் அப்படியே விட்டு, ஒவ்வொரு நாளின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எழுதி வையுங்கள். பிற்பகல் மூன்று மணியும் விடியற்காலை ஐந்து மணியும் சொல்லும் கதை, நீங்கள் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குப் பார்க்கும் அளவில் இருக்காது.

பாம்பும் தன் பங்குக்குச் சொல்லும். நாள் முழுதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தாலோ, மூடியை மூக்கால் ஓயாமல் முட்டினாலோ, குளிர்ந்த மூலையை விட்டு அசையாமல் இருந்தாலோ சூடு அதிகம் என்று ஐயப்படுங்கள். (உண்ணி பிடித்தாலும் தண்ணீரில் கிடக்கும். செதில் இடுக்கிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள்.) சூடான பக்கத்திலேயே ஒட்டிக் கிடந்தால், மந்தமாக நகர்ந்தால், தின்றதைக் கக்கினால் சூடு குறைவு. குளிர்ந்த முனையே 35 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் நிற்கிறது என்றால் அது பசி பற்றிய கவலையே அல்ல, உயிர் பற்றிய கவலை.

கோடையில் என்ன செய்வது? முதலில் பகலில் ஹீட்டரை நிறுத்துங்கள். தொட்டியை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு, மேற்குச் சுவரிலிருந்து வடக்குப் பக்க அறைக்கு, மேஜையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். பழைய ஓட்டு வீட்டின் சிமென்ட் தரையோ ஓடு பதித்த தரையோ இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மின்விசிறி நமக்கு உதவுவது வியர்வையை உலர்த்துவதால். பாம்புக்கு வியர்வையே கிடையாது. 34 டிகிரிக் காற்றை அதன் மேல் வீசினால் 34 டிகிரிக் காற்றுதான் படும். வெயில் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்துக்கு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே, குளிர்ந்த முனையின் கண்ணாடியோடு ஒட்டி வைக்கலாம். உள்ளே வைத்தால் நீர் கோத்து அடியில் ஈரம் தேங்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி மண்பானை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்செடுக்கப் பிடித்த பாம்புகளை மண்பானைகளில்தான் வைக்கிறார்கள். அடியில் மணல், வாயில் துணி. இருட்டு, ஒடுக்கம், குளிர்ச்சி மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன. அதே போல ஒரு சின்னப் பானையைக் கவிழ்த்து, பாம்பு நுழையும் அளவுக்கு வாய் வைத்து, வெளிப்புறத்தை மட்டும் நனைத்துக் குளிர்ந்த முனையில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது பானை குளிரும். திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் இந்தக் குளிர்ச்சி மதுரையில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது; ஓரிரு டிகிரிதான் இறங்கும். பாம்புக்கு அந்த ஓரிரு டிகிரியே வேறுபாட்டைக் காட்டும்.

ஏசி அறையில் கதை தலைகீழ். இரவு முழுதும் 21 டிகிரியில் ஏசி ஓடி, காலையில் அணைத்ததும் மதியத்துக்குள் அறை 32க்கு ஏறுகிறது. இந்தக் கடலோர ஊரில் இயற்கை அரிதாகவே தரும் ஏற்ற இறக்கம் இது. முந்தின மாலை இரை விழுங்கிய பால் பைத்தான் விடியும் முன் அதைக் கக்கினால், முதலில் ஏசியைப் பாருங்கள். ஏசி இருக்கும் வீட்டில் மிகச் சுலபமான ஏற்பாடு ஒன்று உண்டு. அறையை இரவும் பகலும் 26 டிகிரியில் நிறுத்துங்கள். தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடியில் ஹீட் மேட் வைத்து, தெர்மோஸ்டாட்டை 32க்கு அமையுங்கள். குளிர்ந்த முனையும் சூடான முனையும் தாமாகவே அமைந்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். கட்டுப்பாடில்லாமல் ஓடினால் அது 45 டிகிரிக்கு மேல் போகக்கூடும். அடியிலிருந்து வரும் சூட்டுக்குப் பாம்பு உடனே விலகுவதில்லை. வயிற்றுச் செதில்கள் வெந்த பிறகுதான் நமக்கே தெரியும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனை இடம் மாறாமல் ஒட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். முனை தண்ணீரில் விழுந்தால் தெர்மோஸ்டாட் குளிர் என்று எண்ணி ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

ஜூன் பிறந்து இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மறுபடியும் கணக்கு மாறும். அடைமழை நாட்களில் பகலெல்லாம் 26, 27, வெயில் முகம் காட்டாது, மின்சாரமும் போகும். இப்போதுதான் வெளிநாட்டுக் கையேடு சொல்லும் சூடு தேவைப்படுகிறது. கோடையில் நிறுத்திய ஹீட்டரை மழை வந்ததும் திரும்பப் போட மறந்து, ஜூலையில் பாம்பு ஏன் சாப்பிடவில்லை என்று யோசிக்கிறவர்கள் உண்டு. கூடவே ஈரப்பதம் 85, 90 சதவீதத்துக்குப் போகிறது. பால் பைத்தானுக்கு 60 முதல் 70 போதும். கார்ன் ஸ்நேக்குக்கு அதிலும் குறைவு. தென்னைநார்த் தூள் இங்கே மலிவு என்பதால் எல்லோரும் அதைத்தான் பரப்புகிறார்கள்; மழைக்காலத்தில் அது காயவே காயாது. மழை மாதங்களில் தூளை மெல்லிய அடுக்காகப் போட்டு, அடிக்கடி மாற்றி, மூடியில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஈரத்தில் கிடந்த பாம்புக்கு வயிற்றில் கொப்புளமும் மூச்சுக்குழாயில் தொற்றும் வரும். அதுவும் இரையை மறுக்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் சாப்பிடாத பாம்பும் உண்டு. கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் இரையைத் தொடாது. புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட வேண்டும். வளர்ந்த ஆண் பால் பைத்தான் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் நோன்பு இருப்பது இயல்பு. எடை குறையாதவரை பயமில்லை. நோய் வேறு. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை 2014இல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து ஏழு அனகோண்டாக்களைக் கொண்டுவந்தது. பின்னாளில் அவற்றில் சில அமீபாத் தொற்றால் இறந்தன. ஆமையும் முதலையும் நோயில்லாமல் சுமந்து திரியும் அமீபா அது. பாம்பின் குடலுக்குப் போனால் குடலையே புண்ணாக்கிவிடும். தேர்ந்த பணியாளர்களும் மருத்துவரும் இருக்கும் இடத்திலேயே அதைத் தடுப்பது கடினம் என்றால், வீட்டில் ஆமைத் தொட்டியையும் பாம்புத் தொட்டியையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் ஒரே தண்ணீர்க் கிண்ணத்தைப் பயன்படுத்துகிறவர் யோசிக்க வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கழிவில் சளியோ ரத்தமோ தெரிந்தாலோ வெப்பமானியோடு மல்லுக்கட்டாமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழிவின் மாதிரியைச் சிறு டப்பாவில் கொண்டுபோனால் பரிசோதனை அன்றே தொடங்கலாம்.

வெப்பத்தைச் சரிசெய்த அன்றே இரையை நீட்டாதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் பாம்பைத் தொடாமல் விட்டு, அதற்குள் வெப்பமானி நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இருட்டியதும், வழக்கமாகக் கொடுப்பதைவிடச் சிறிய எலியைக் கொடுங்கள். உறையவைத்த எலியென்றால் உள்ளே வரை பனி நீங்கிய பின் 38 முதல் 40 டிகிரிச் சூட்டுக்குத் தண்ணீரில் வைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். பால் பைத்தான் உதட்டோரக் குழிகளால் இரையின் சூட்டை உணர்ந்துதான் பாய்கிறது. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தெரியாது. அரை மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அகற்றிவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி முயலுங்கள். ஒவ்வொரு நாளும் நீட்டிப் பார்ப்பது பயத்தைத்தான் கூட்டும். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். இரை எடுத்துவிட்டால் இரண்டு நாள் கையில் தூக்காதீர்கள். அந்த இரண்டு நாளும் சூடான முனை இரவிலும் அந்த இனத்துக்குரிய அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.