50 மீட்டர் கடலில் ஓர் உலகம்

பூமியின் கடல்களுக்குச் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். கணினியில் ஓடும் சில காலநிலை மாதிரிகளில் அது வெறும் 50 மீட்டர்தான். நீரோட்டம் கிடையாது, ஆழ்கடல் கிடையாது. எங்கும் ஒரே தடிமனில் பரவிய, அசையாத நீரடுக்கு. ஆய்வாளர்கள் இதை ‘ஸ்லாப்’ கடல் என்கிறார்கள்.

இப்படிச் சுருக்குவதற்கு முக்கியக் காரணம் நேரம். காற்றில் கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கினால் முழுக் கடல் புதிய சமநிலைக்கு வர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். ஸ்லாப் கடல் சில பத்தாண்டுகளில் நிலைபெற்றுவிடும். 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான அமெரிக்கக் குழு, அந்த இரட்டிப்பு பூமியை 1.5 முதல் 4.5 டிகிரி வரை சூடாக்கும் என்று மதிப்பிட்டது. அதற்கு ஆதாரமான சியுகுரோ மனாபே, ஜேம்ஸ் ஹான்சன் மாதிரிகளிலும் கடல் எளிமையாக்கப்பட்டதுதான்.

மாதிரியை அமைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஆழம். மற்ற எண்களைவிட இதற்கே அதிக யோசனை தேவை என்பேன். சதுர மீட்டருக்கு 100 வாட் வெப்பம் மிச்சமாக இறங்கினால், 1 மீட்டர் ஆழ நீர் ஒரே நாளில் சுமார் 2 டிகிரி சூடாகும். 50 மீட்டர் அடுக்கு அதே அளவு சூடேற ஏறக்குறைய 50 நாள் ஆகும். ஆகவே, ஆழம் கூடினால் கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு குறையும். உச்ச வெப்பமும் தள்ளிப்போகும்.

இதன் வலிமையை சிமோனா போர்டோனி, தபியோ ஷ்னைடர் இருவரும் 2008-இல் காட்டினார்கள். நிலமே இல்லாமல் நீர் மட்டும் மூடிய கோளை எடுத்துக்கொண்டு, நீரடுக்கை மிக மெலிதாக்கினார்கள். மழைப்பட்டை கோடை அரைக்கோளத்துக்குள் சட்டென்று தாவியது, நம் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதைப் போலவே. நிலமும் கடலும் வெவ்வேறு வேகத்தில் சூடாவதுதான் பருவமழைக்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விரைவில் சூடேறும் மேற்பரப்பு இருந்தாலே அப்படியொரு தாவல் நிகழும் என்பதை, நிலத்தை நீக்கிப் பார்த்ததால்தான் தெளிவாகச் சொல்ல முடிந்தது.

அடுத்தது ‘கியூ-ஃப்ளக்ஸ்’. நிஜக் கடல் வெப்பமண்டலத்தின் மிகை வெப்பத்தைத் துருவங்களை நோக்கிக் கொண்டுசெல்கிறது. அசையாத நீரால் அது முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு வெப்பத்தைக் கூட்டுவது, எவ்வளவு எடுப்பது என்று நாமே தர வேண்டும். கடற்பரப்பின் வெப்பநிலையை அவதானித்த அளவில் பிடித்துவைத்து மாதிரியை ஓட்டினால், மாதந்தோறும் மேற்பரப்பில் மிஞ்சும் வெப்பம் தெரியும். நீரடுக்கில் தேங்குவதை அதிலிருந்து கழித்தால், கடல் சுமந்திருக்க வேண்டிய பங்கு கிடைக்கும். உலகம் முழுவதற்கும் கூட்டினால் இது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதிரிக்குள் பொய்யான வெப்பம் நுழைந்துவிடும்.

மேகங்கள் இல்லாத எளிய மாதிரிகளில், அவை திருப்பியனுப்பும் வெயிலை ஈடுகட்ட மேற்பரப்பின் பிரதிபலிப்பை 0.3 அளவுக்கு உயர்த்துவதும் வழக்கம். மேலும், வளிமண்டல உச்சியில் வெப்பத்தின் வரவும் செலவும் சமமாகும் வரை ஓடிய ஆண்டுகளை முடிவில் சேர்ப்பதில்லை.

எல் நினோ இந்தக் கடலில் பிறக்காது. அதற்கு நீரோட்டமும் மேலெழும் குளிர்நீரும் வேண்டும். அடுத்த 50 ஆண்டுகளில் வெப்பம் எந்த வேகத்தில் ஏறும் என்றும் இதைக் கேட்கக் கூடாது. ஆழ்கடல் விழுங்கும் வெப்பம் இதன் கணக்கில் இல்லை.