குடமும் வானொலியும்



மாவனல்லையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில், பீலியில் குடம் பிடிப்பவர் அது நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. காதே சொல்லிவிடும். முதலில் தாழ்ந்து ஒலித்த குடம், நீர் ஏற ஏறச் சுருதி உயர்ந்து ஒலிக்கும். இதே தத்துவந்தான் வானொலிப் பெட்டியிலும் இயங்குகின்றது.

விழும் நீர் எழுப்புவது பல சுருதிகள் கலந்த இரைச்சல். குடத்தின் கழுத்திலுள்ள காற்று ஒரு பாரம் போலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போலவும் அமைகின்றன. வில்லில் தொங்கும் பாரம் தனக்கென ஒரு கதியில் அதிரும். வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதே மீடிறன். இரைச்சலில் தன் மீடிறனுக்கு இசைந்ததை மட்டும் குடம் ஏற்றுப் பெருக்குகின்றது. இதனைப் பரிவு என்பர். உள்ளிருக்கும் காற்று நாலிலொன்றாகக் குறைந்தால் மீடிறன் இரட்டிக்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், பல அளவுகளில் உள்ளீடற்ற கோளங்களைச் செய்வித்து, அவற்றைக் காதில் பொருத்திக் கலப்பொலிகளைப் பிரித்தறிந்தார்.

இனி வானொலிக்கு வருவோம். கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது 1925ஆம் ஆண்டில். இன்றோ வானில் எத்தனையோ நிலையங்களின் அலைகள் கலந்து உலவுகின்றன. அவை யாவும் ஏரியலில் ஒருங்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்வது எவ்வாறு? பெட்டியினுள் ஒரு கம்பிச்சுருளும் ஒரு கொள்ளளவியும் உள்ளன. சுருள், பாரத்தைப் போல, மின்னோட்டம் சடுதியாக மாறுவதை எதிர்க்கின்றது. கொள்ளளவி, வில்லைப் போல, மின்னேற்றத்தைச் சேர்த்துத் திருப்பித் தருகின்றது. கொள்ளளவு நாலிலொன்றானால் மீடிறன் இரட்டிக்கும். குடத்தின் கணக்கே இங்கும்!

பழைய பெட்டிகளில் குமிழைத் திருகியதும், அரைவட்டத் தகடுகள் ஒன்றினிடையே ஒன்று புகுந்தோ விலகியோ கொள்ளளவை மாற்றின. மத்திய அலை, ஏறக்குறைய 530 முதல் 1600 கிலோஹேர்ட்ஸ் வரை நீள்வது. மீடிறனில் மூன்று மடங்கு. அதனைக் கடக்கக் கொள்ளளவு ஒன்பது மடங்கு மாறவேண்டும். சுற்றில் மின்தடை மிகுந்தால் தேர்வு மழுங்கி, அடுத்த நிலையமும் உடன் புகுந்துவிடும்.

இது வெறும் விநோதமன்று. 2016 மே 17ஆம் நாள், மாவனல்லைக்கு அண்மையிலுள்ள அரநாயக்கவில் பெருமழையால் மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அத்தகைய மழையில் மின்சாரமும் தொலைபேசியும் தடைப்படலாம். அப்போதும் பற்றரியில் இயங்கும் சிறு வானொலி, கலந்து வரும் அலைகளிலிருந்து எச்சரிக்கைக் குரலைப் பிரித்துத் தரவல்லது. மழைக்காலம் வருமுன் பற்றரியைப் பார்த்து வைப்பது நன்று.