அமுக்கராக் கிழங்கும் அபின் பாலும்

அமுக்கரா கத்தரிக் குடும்பத்துச் செடி. இடுப்புயரத்துக்கு மேல் வளர்வது அரிது. சாம்பல் பூசியது போன்ற இலை, கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கிய பூ, காகிதப் பை போன்ற உறைக்குள் ஒரு சிவந்த சிறு பழம். தண்ணீர் அதிகம் கேட்காது; பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மானாவாரிக் கொல்லை போன்ற நிலம் அதற்குப் போதும். ஆனாலும் அந்த ஊர்களில் அதைச் செடியாகப் பார்த்தவர்களைவிட, நாட்டு மருந்துக் கடையில் விரல் நீள வெளிறிய குச்சியாகப் பார்த்தவர்களே அதிகம். மனம் அமைதிப்பட, தூக்கம் வர, உடம்பு தேற என்று கேட்டு வாங்குகிறார்கள். வடமொழியில் அதற்கு அசுவகந்தா என்று பெயர். பச்சை வேரில் குதிரை வாடை அடிப்பதால் வந்த பெயர் அது. தாவரவியல் பெயரின் பின்பாதியான சோம்னிஃபெரா என்பதற்குத் ‘தூக்கம் தருவது’ என்று பொருள்.

இந்தியாவில் அமுக்கரா பெருமளவில் விளைவது மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களில். அதே மாவட்டங்களில்தான், அரசு உரிமம் பெற்ற உழவர்கள் அபினுக்காகக் கசகசாச் செடியையும் பயிரிடுகிறார்கள். முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. வழித்தெடுத்ததை முழுவதும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நீமச்சில் அதற்கென்றே அரசு ஆலை இருக்கிறது. ஒரே வட்டாரத்து மண்ணில் விளையும் இரண்டு செடிகளில் ஒன்றின் வேர் யார் கேட்டாலும் கடையில் கிடைக்கிறது. மற்றதன் பால் கிராம் கணக்கில் சட்டத்தின் காவலில் இருக்கிறது. இரண்டும் செடிதான், இரண்டும் இயற்கைதான். ‘இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை’ என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

கசகசாவின் கதை இன்னும் விசித்திரமானது. அபின் தரும் அதே காய் முற்றி உலர்ந்தால் உள்ளே இருப்பது குருமாவுக்கு அரைக்கும் கசகசா. விதையில் போதைப் பொருள் இல்லை என்றே சொல்லலாம். காயின் பால் ஒட்டியிருந்தால் சிறிதளவு தென்படும். அந்தச் சிறிதளவுக்காகவே சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பெரம்பலூர், அரியலூரிலிருந்து அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவையும் கட்டிக் கொடுத்துவிடும் வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சித்த மருத்துவத்தில் அமுக்கராவை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பாலில் பிட்டவியலாக, அதாவது புட்டு அவிப்பதுபோல் பாலின் ஆவியில் அவித்து, உலர்த்திய பிறகே சூரணத்தில் சேர்ப்பார்கள். அமுக்கரா சூரணத்தின் அளவுக் கணக்கு அழகானது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரு மடங்கு. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் அமுக்கரா கால் பங்கு, சர்க்கரை பாதி. நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

வேரில் வேலை செய்பவற்றில் முக்கியமானவை விதனோலைடு என்ற வகைப் பொருள்கள். 2012இல் வெளியான ஹைதராபாத் ஆய்வொன்றில், மன அழுத்தம் இருந்த 64 பேரில் பாதிப் பேருக்கு வேரின் சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி வில்லையும் 60 நாள் கொடுத்தார்கள். சாறு உட்கொண்டவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலும் இரத்தத்தில் குறைந்தது. ஆய்வு சிறியது என்றாலும் பின்னால் வந்த வேறு சில ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையைத்தான் காட்டின. இங்கே கவனிக்க வேண்டியது 60 நாள் என்பது. அமுக்கரா சாப்பிட்ட அரைமணியில் யாரும் மிதப்பதில்லை. பலன் தெரிந்தால் வாரக்கணக்கில் மெல்லத் தெரியும். தூக்கம் கூடும், படபடப்பு தணியும், அவ்வளவுதான். போதை என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை.

கடும் போதைப் பொருள்கள் வேலை செய்யும் விதம் இதற்கு நேர் எதிர். ஊசியில் ஏற்றிய ஹெராயின் மூளையை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் சில நொடிகள். நல்ல சாப்பாட்டுக்கும் சிரிப்புக்கும் சுரக்கும் டோபமைன், இயல்பாகச் சுரக்க முடியாத அளவில் திடீரென்று பாய்கிறது. மூளை அந்த வேகத்தை நினைவில் பதித்துக்கொண்டு திரும்பக் கேட்கிறது. முதல் வாரம் போதுமாக இருந்த அளவு அடுத்த மாதம் போதாது. நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வயிறு போகும், தூக்கம் இராது. அளவு மீறினால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியே அடங்கிப்போகிறது. ஹெராயின் வகையால் வரும் சாவுகளில் பெரும்பாலானவை மூச்சு நின்ற சாவுகளே.

இந்த வேகம் செடியில் இருந்ததில்லை, மனிதன் சேர்த்தது. தென்னமெரிக்க மலைமக்கள் கோக்கா இலையை மென்று களைப்பும் பசியும் போக்கினார்கள். அப்படிப் போக்கும் சத்து இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான். 19ஆம் நூற்றாண்டில் அதைப் பிரித்தெடுத்ததும் கோகெய்ன் பிறந்தது. அபினிலிருந்து மார்ஃபினை ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தார். 1874இல் லண்டனில் மார்ஃபினிலிருந்து ஹெராயின் செய்யப்பட்டது. 1898இல் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாக விற்றது. எஃபெட்ரா என்ற சீனத்து மூலிகையிலிருந்து எஃபெட்ரின் பிரித்த ஜப்பானியர் நாகாய், 1893இல் அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமைனைச் செய்தார். செடியில் நீர்த்துக் கிடந்ததைச் செறிவாக்கி, மெல்லுவதற்குப் பதில் புகையாகவும் ஊசியாகவும் ஏற்றியதுதான் மருந்து விஷமான வழி.

கடும் போதை என்றால் பன்னாட்டுக் கடத்தல் சரக்கு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பிடிபடுவது பெரும்பாலும் கஞ்சாவும் வலி மாத்திரைகளும். அறுவைக்குப் பின் வரும் கடும் வலிக்காக மருத்துவர் எழுதித்தர வேண்டிய டேபெண்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பல மாவட்டங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் கரையாது. இரத்தக் குழாயை அடைக்கும். ஊசியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் தொற்றும்.

‘கஞ்சா செடிதானே’ என்பது பெட்டிக்கடை வாசலில் அடிக்கடி கேட்கும் வாதம். ஹெராயினைப் போல அது மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை என்பது உண்மை. ஆனாலும் அது அமுக்கராவின் பக்கத்தில் போய் நிற்க முடியாது. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற போதைப் பொருள் நினைவையும் கவனத்தையும் குலைக்கிறது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பள்ளி, கல்லூரி வயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 2.8 விழுக்காட்டினர் கஞ்சா, பாங்கு வகையைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

செடி என்ற சொல்லை நம்பி உயிரை விட வேண்டுமானால் கஞ்சா வரை போகத் தேவையில்லை. சாலையோரக் குப்பைமேட்டில் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூக்கும் ஊமத்தை போதும். அதுவும் அமுக்கராவின் குடும்பமே. அதன் விதையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமினும் வாயை உலர்த்தி, கண்பாவையை விரித்து, ஆளைப் பிதற்றவைக்கும். அளவு கூடினால் கொல்லும்.

அமுக்கராவும் முற்றிலும் கெடுதலற்றது என்று சொல்வதற்கில்லை. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவர்கள் 2020இல் பதிவுசெய்தார்கள். 2023இல் இந்தியக் கல்லீரல் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். பெரும்பாலானோர் நிறுத்தியபின் தேறிவிட்டார்கள். டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடைசெய்தது. இலையின் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லாததால், வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. சாற்றைச் செறிவாக்கிக் குப்பியில் அடைத்து வரும் மாத்திரைகளை வாங்குகிறவர்கள், அதில் இருப்பது வேரா இலையா என்று சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். சூரணத்தில் கால் பங்காக இருந்தது அங்கே முழுப் பங்காக, அதுவும் செறிந்து நிற்கிறது.

கருவுற்றவர்கள் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு அது சுரப்பை மேலும் கூட்டலாம். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றின் வேகம் கூடிவிடலாம். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் சூரணம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அமுக்கரா இல்லை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினில் இவை முறையே 5 கிராமும் 250 கிராமும். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகிச் சிறு அளவோடு பிடிபட்டவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தயங்கினால் வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.