முப்பது கிலோமீற்றர் கடல், இரண்டு சட்டங்கள்

2025 ஆகஸ்ட் 19ஆந் திகதி இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. மறுநாளே புது டில்லியில் மக்களவை, காசு கட்டி ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 21ஆந் திகதி மாநிலங்களவையும் கைதூக்கியது; 22ஆந் திகதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். கொழும்பு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் வழியைப் பிடித்தது. டில்லி கதவையே சாத்திவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது மன்னார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான்.

இந்தியச் சட்டத்தால் மன்னாருக்கு என்ன என்று தள்ளிவிட முடியாது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் பல வீடுகளில் ஓடுவது தமிழகத் தொலைக்காட்சி. தெரிந்த முகங்கள் திரையில் வந்து ரம்மி ஆடக் கூப்பிட்டபோது, அந்த அழைப்பு இங்கேயும்தான் கேட்டது. புதிய இந்தியச் சட்டப்படி இத்தகைய விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 இலட்சம் இந்திய ரூபா வரை அபராதம். ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டும் ஒரு கோடியும். அதற்கான பணப் பரிமாற்றத்தைச் செய்துகொடுப்போருக்கும் அதே தண்டனை. ஆடித் தோற்றவருக்குத் தண்டனை இல்லை. இழந்தவனைக் குற்றவாளியாக்காமல் விட்டது அந்தச் சட்டத்தின் நல்ல பகுதி.

இந்த இடத்துக்கு வர, தமிழ்நாடு ஐந்து ஆண்டு முட்டி மோதியது. தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த பின்னணியில் 2020 நவம்பரில் முதல் அவசரச் சட்டம் வந்தது. 2021இல் அதைச் சட்டமாக்கினார்கள்; அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, 2022 ஒக்ரோபரில் புதிய சட்டமூலம், அதை ஆளுநர் ஆர்.என். ரவி திருப்பி அனுப்பியது, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது என்று இழுபட்டு, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லித் தடையிலிருந்து விலக்கிவிட்டது. கடைசியில் மாநிலம் நேரத்தில் கை வைத்தது: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது, ஆதார் அடையாளத்தைக் காட்டிப் பதிய வேண்டும். 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் கைத்தொலைபேசியில் ஆட்டம் நிற்கவில்லை.

இலங்கையின் கதை வேறு. இங்கே கையிலிருந்தவை 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயத்துக்கான 1930களின் காலத்துச் சட்டம், 2010இன் கசினோச் சட்டம் ஆகியவை. தெருவோரத்தில் சீட்டாடுகிறவனையும் சேவல்கட்டு நடத்துகிறவனையும் பிடிக்க எழுதப்பட்ட முதலாவது சட்டத்துக்கு, வேறெங்கோ இருக்கிற கணினியோடு படுக்கையில் கிடந்து பந்தயம் கட்டுகிறவனைத் தெரியாது. புதிய சட்டம் இம்மூன்றையும் நீக்கி, ஒன்லைன் சூதாட்டம், கப்பலில் நடப்பது, கொழும்புத் துறைமுக நகரத்தில் நடப்பது எல்லாவற்றையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது நிதி அமைச்சு. வரவு பார்க்கிற கைதான் கேட்டையும் அளக்கப்போகிறது என்பது உறுத்துகிறது.

அதிர்ஷ்டத்தில் அரசு பங்கு கேட்பது மன்னாருக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா வெறுஞ்சதையா என்று யாருக்கும் தெரியாது. 1906இல் முத்துப் பார்களையே 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனியும் சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. இருந்தாலும் ஏலம் எடுத்தவன் குவியலைக் கண்ணால் பார்த்தான். எண்ணுகிறவனும் பொலிசும் நீதிபதியும் அதே மணலில் நின்றார்கள். இன்றைய செயலியில் எதிரே இருப்பது யார் என்றே தெரியாது.

கணக்கைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். கச்சான் காற்று எழும்பிப் படகு கரையில் கிடக்கிற நாளில், ஒரு இளைஞன் ஒன்லைன் சூதாட்டத் தளமொன்றில் 1,000 ரூபா போடுகிறான். தளம் இன்னொரு 1,000 ரூபாவை இனாமாகக் காட்டுகிறது. சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை: இனாமின் 30 மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே பணத்தை எடுக்கலாம். அதாவது 30,000 ரூபாவுக்கு ஆட வேண்டும். ஒவ்வொரு நூறிலும் தளத்துக்குச் சராசரியாக 5 ரூபா போகிறது என்று வைத்துக்கொண்டால், அவ்வளவும் ஆடி முடிக்கையில் 1,500 ரூபா போய்விடும். இனாமும் இல்லை, சொந்தக் காசில் பாதியும் இல்லை. இடையில் இரண்டு முறை வென்றிருப்பான். நினைவில் நிற்பது அதுதான்.

இப்படிப்பட்ட தளங்கள் பலவும் குராசாவ் போன்ற தீவுகளில் உரிமம் பெற்றவை. அங்கேயே விதிகளை இறுக்கும் புதிய சட்டம் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கொழும்பின் அதிகாரசபை அவற்றின் கதவைத் தட்ட முடியாது. ஆனால் பணம் உள்ளூர் வங்கிக் கணக்கு வழியாகவும் உள்ளூர் முகவர் கை வழியாகவும்தான் முதலில் நகர்கிறது. பிடிக்க வேண்டிய இடம் அது. மன்னார்க் குடும்பங்களின் உறவுகள் வாழும் பிரித்தானியாவில் 2020 ஏப்ரலிலேயே கடனட்டையால் சூதாடுவதை நிறுத்தினார்கள். 2025இல் ஒன்லைன் ஸ்லொட் ஆட்டத்துக்கு ஒரு தடவைக்கு 5 பவுண், 25 வயதுக்குக் கீழே 2 பவுண் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வயதுக்கேற்ற வரம்பு இங்கேயும் வேண்டும்.

இலங்கையர் கசினோவுக்குள் நுழையும் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக்க அரசு முடிவெடுத்தது. கொழும்பில் வாசல் உள்ள சூதாட்டத்துக்கு அது பொருந்தும். வாசலே இல்லாத ஆட்டத்தில் இழந்த பேசாலைக்காரருக்குத் தேவை தமிழில் முறையிட ஓர் இலக்கமும், மாவட்டச் செயலகத்தில் விஷயம் தெரிந்த ஓர் அலுவலரும். அதிகாரசபை தன் விதிகளை எழுதும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டியது வன்னித் தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களின் வேலை. அதுவரை, இழந்தவர் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே வங்கிக்குச் சொல்லலாம். கடனும் அவமானமும் மனதை நெரித்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.