ஃபன்னி போய் (புதினம்)

ஃபன்னி போய் என்பது இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் சியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய புதினம் ஆகும். இது 1994 ஆம் ஆண்டு வெளிவந்தது. கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஆர்ஜி என்னும் சிறுவன் ஏழு வயதிலிருந்து பதின்ம வயது வரை வளர்வதை இது கூறுகிறது. அவன் வளரும் அதே ஆண்டுகளில் நாடு இனப்போரை நோக்கிச் செல்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துடன் கதை முடிகிறது.

செல்வதுரை 1965 இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். 1983 கலவரத்தை அடுத்து அவரது குடும்பம் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தது. இது அவரது முதற் புதினம் ஆகும். எனினும் இதனைத் தன்வரலாறு என்று கொள்வது பொருந்தாது. ஆர்ஜியின் பெற்றோர் இருவரும் தமிழராகவே படைக்கப்பட்டுள்ளனர்.

அமைப்பு

நூலின் துணைத்தலைப்பு இதனை ஆறு கதைகளால் ஆன புதினம் என்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் கொண்டது. இதனால் முழு நூலையும் அறியாதவர்கள் ஓர் அத்தியாயத்தை மட்டும் தனிச் சிறுகதையாகப் படிப்பதுண்டு. பெரும்பாலும் அவ்வாறு படிக்கப்படுவது "பன்றிகளால் பறக்க முடியாது" என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட முதல் அத்தியாயமே. அதனை மட்டும் படித்தவருக்கு இது போர்க்காலப் புதினம் என்று தோன்றாது.

முதல் அத்தியாயம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் அனைவரும் தாத்தா, பாட்டி வீட்டில் விடப்படுகின்றனர். முன்புறமும் அதனை அடுத்த வெளியும் துடுப்பாட்டம் ஆடும் ஆண்பிள்ளைகளுக்கு உரியவை. பின்புறத் தோட்டமும் அடுக்களைப் பக்கமும் பெண்பிள்ளைகளின் இடம். ஆர்ஜி பின்புறத்தைத் தெரிவு செய்கிறான். அங்கே நடக்கும் கல்யாண விளையாட்டில் பழைய சேலையை உடுத்தி மணப்பெண்ணாக அமர்வது அவனே. வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவுக்காரச் சிறுமி ஒருத்தி அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறாள். சண்டை முற்றி, அவளுடைய தாய் ஆர்ஜியைச் சேலையுடன் பெரியவர்கள் கூடியிருக்கும் அறைக்குள் இழுத்து வருகிறாள். அங்கே ஒருவர் சொல்லும் கேலியே நூலின் தலைப்பாயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சிரிப்பூட்டும் என்றும் விநோதமான என்றும் இரு பொருள் உண்டு. தந்தையின் குரலில் இருந்த வெறுப்பு இவ்விரண்டில் எதிலும் அடங்காததைச் சிறுவன் கவனிக்கிறான். அதன் பின் அவன் ஆண்பிள்ளைகளுடன் விளையாட வேண்டும் என்பது கட்டளை. ஏன் என்று கேட்டபோது தாய் தரும் காரணமற்ற பதிலே அத்தியாயத்தின் தலைப்பு.

இந்த அத்தியாயத்திலேயே போர் உள்ளது, ஆனால் மறைவாக. விளையாட்டை நினைவுகூரும் இடத்தில், இனவன்முறையால் தாம் அனைவரும் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிக் கனடாவில் வாழ நேர்ந்ததைக் கதைசொல்லி போகிற போக்கில் குறிப்பிடுகிறான். முதல் வாசிப்பில் இது எளிதில் கடந்துபோகும். முழு நூலையும் முடித்துத் திரும்பி வருபவருக்கு அந்தத் தோட்டம் வேறொன்றாகத் தெரியும்.

இடைப்பட்ட அத்தியாயங்கள்

இரண்டாம் அத்தியாயத்தில் ராதா அத்தை சிங்கள இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். 1958 கலவரத்தில் தன் தந்தையை இழந்த பாட்டி அதனை ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட ராதா திரும்பும் வழியில் தொடருந்தில் தமிழர் தாக்கப்படுகின்றனர், அவளும் காயமடைகிறாள். பின்னர் தமிழர் ஒருவரை மணக்கிறாள். இதற்கு அடுத்த இரு அத்தியாயங்களில் தாயின் பழைய நண்பரான பறங்கியர் இனச் செய்தியாளர் ஒருவர் வடக்கில் நடப்பதை ஆராயச் சென்று பிணமாகக் கரையொதுங்குகிறார். தந்தையின் விடுதியில் வேலைக்குச் சேர்ந்த ஜெகன் என்னும் இளைஞன் புலிகளுடன் தொடர்புடையவன் என்ற சந்தேகத்துக்கு ஆளாகிறான்.

ஐந்தாம் அத்தியாயம் பள்ளிக்கூடம் பற்றியது. மகனை ஆண்பிள்ளையாக மாற்றவென்றே தந்தை அவனை விக்டோரியா அகாதமி என்னும் கற்பனைப் பள்ளிக்கு மாற்றுகிறார். சிங்களமே எதிர்காலத்தின் மொழி என்று கருதி அவர் பிள்ளைகளைச் சிங்கள வகுப்பில் சேர்த்திருந்தார். தமிழில் தேர்ச்சியற்ற ஆர்ஜியைப் பிற மாணவர் தமிழன் என்று கூறித் தமிழ் வகுப்புக்குப் போகச் சொல்கின்றனர். மொழியை அறியுமுன்னரே அதன் பெயரால் அடையாளம் சுமத்தப்படும் இப்பகுதி நூலின் கூர்மையான இடங்களுள் ஒன்று. இங்கேதான் சகமாணவனான சிங்கள இளைஞன் செகான் மீது தனக்குள்ள ஈர்ப்பை ஆர்ஜி உணர்கிறான். செகானைக் கொடுமைப்படுத்தும் அதிபர், தன் பதவியைக் காப்பாற்றும் விழாவில் ஆர்ஜியைச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்கிறார். ஆர்ஜி மேடையில் வேண்டுமென்றே சொற்களைக் குழப்புகிறான். இதுவே அவனது முதற் கிளர்ச்சி. தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த அதிபரையே நம்பியிருந்தனர் என்பது அதன் விலை.

கலவர நாட்குறிப்பு

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் கொழும்பில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கியது. வாக்காளர் பட்டியலைக் கொண்டு தமிழர் வீடுகள் அடையாளம் காணப்பட்டன. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 400 முதல் 3000 வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது.

ஜூலை 25 இல் தொடங்கும் இறுதி அத்தியாயம் நாட்குறிப்பு வடிவில் உள்ளது. அதுவரை ஆறுதலாகச் சென்ற நடை இங்கே குறுகிவிடுகிறது. சிங்கள அயலவர் குடும்பத்தை ஒளித்துவைக்கின்றனர். வீடு எரிக்கப்படுகிறது. தாத்தாவும் பாட்டியும் வாகனத்துடன் எரித்துக் கொல்லப்படுகின்றனர். கல்யாண விளையாட்டு நடந்த வீட்டின் உரிமையாளர்கள் இவர்களே என்பது வாசகருக்கு நினைவுக்கு வரும். செகான் சிங்களவன், தான் அல்ல என்பதை ஆர்ஜி முதன்முறையாக உணர்வதும் இங்கேதான். குடும்பம் கனடாவுக்குப் புறப்படுமுன் அவன் மழையில் எரிந்த வீட்டைப் பார்க்கப் போகிறான்.

வரவேற்பும் திரைப்படமும்

இந்நூல் கனடாவில் முதற் புதினத்துக்கான புக்ஸ் இன் கனடா விருதையும் ஐக்கிய அமெரிக்காவின் லாம்ப்டா இலக்கிய விருதையும் பெற்றது. தீபா மேத்தா இயக்கிய திரைப்படம் 2020 இல் வெளிவந்தது. செல்வதுரை திரைக்கதையில் பங்கேற்றார். கனடா இதனை ஆசுக்கர் விருதின் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவுக்கு அனுப்பியபோது ஆங்கில உரையாடல் மிகுதி என்று நிராகரிக்கப்பட்டது. படத்தில் பேசப்பட்ட தமிழின் உச்சரிப்பும் நடிகர் தெரிவும் தமிழரிடையே கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின.