பதற்றத்தின் மொழி: மும்பைத் தமிழரை முன்வைத்து

0. முன்னுரை

பதற்ற நோயைக் குருதிச் சோதனையோ ஊடுகதிர்ப் படமோ நேரே காட்டுவதில்லை. நோயாளியின் சொல்லே முதன்மைச் சான்று. ஆதலின் சொல் பிறழின் நோய்க்கணிப்பும் பிறழும். தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியினர் குடியேறிய தாராவியிலும், அலுவலகப் பணி நாடி வந்தோர் மிகுந்த மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலும் இச்சிக்கல் இன்றும் உண்டு. மருத்துவர் மராத்தியோ இந்தியோ பேச, இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பல வேளைகளில் நோயாளியின் மகனோ மகளோ ஆவார்.

1. சொற்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. இவை யாவும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. பதற்றமோ இன்னும் வாராத ஒன்றைப் பற்றியது. எனவே 'அச்சம்' அதற்கு ஈடாகாது. 'கவலை' எண்ணத்தைச் சுட்டும். 'படபடப்பு' உடலைச் சுட்டும். 'பதற்றம்' இரண்டையும் தழுவும். பேச்சில் 'டென்ஷன்' இவை அனைத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. சினம், கடன்சுமை ஆகியவற்றையும் அதுவே குறிப்பதால் கணிப்புக்குப் போதாது.

அண்டைமொழிச் சொற்களும் இடறச் செய்யும். மராத்தி, இந்தி ஆகியவற்றின் 'சிந்தா' கவலை. தமிழின் 'சிந்தனை' எண்ணம். மராத்தியின் 'காளஜி' கவலை, அக்கறை என இருபொருள் உடையது. 'காளஜி க்யா' என மருத்துவர் கூறுவது 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதே, 'கவலைப்படுங்கள்' என்பதன்று.

2. தொடரமைப்பு

தமிழில் உணர்வுக்கு உரியவர் நான்காம் வேற்றுமையில் நிற்பது பெருவழக்கு: 'எனக்குப் பயமாக இருக்கிறது'. மராத்தியின் 'மலா பீதீ வாட்டதே' என்பதும் இவ்வமைப்பினதே. 'நான் பதற்றமாக உணர்கிறேன்' என்பது ஆங்கிலத்தின் நிழல். வினாத்தாளில் இடம்பெறின் எளிய மக்கள் தயங்குவர்.

பதற்றத்தின் இலக்கண அடையாளம் ஐயப்பொருள் தரும் ஓகாரம். 'என்ன ஆகுமோ', 'வேலை போய்விடுமோ' என்பன போன்ற தொடர்கள் அடிக்கடி வருவதை மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்கு விளங்க உரைத்தல் வேண்டும். ஓகாரத்தை விட்டு 'வேலை போய்விடும் என்கிறார்' எனச் சுருக்கினால் ஐயம் துணிபாகிவிடும்.

3. வினாநிரல்

2006இல் வெளிவந்த 'ஜிஏடி-7' என்னும் வினாநிரலில் 7 வினாக்கள் உள்ளன. கடந்த இரு வாரங்களில் ஒவ்வோர் இடர்ப்பாடும் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, பெருமத்தொகை 21. பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டால் மேலும் ஆராய்தல் வேண்டும் என்பர். முதல் வினாவில் ஆங்கிலம் ஒருபொருட்பன்மொழிகளை அடுக்குகிறது. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, ஓர் எண்ணச்சொல்லும் ஓர் உடற்சொல்லும் சேர்ந்து நிற்பதே தெளிவு தரும். மொழிபெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடுவதோடு, அதனை அவ்வட்டாரத்தார் சிலரிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

4. ஆளும் வழி

1960களில் ஆரன் பெக் வகுத்த அறிதல்வழிச் சிகிச்சை, எண்ணத்தை எழுதி அதற்குச் சான்று உண்டா என வினவப் பயிற்றுகிறது. தமிழர்க்கு இதனை ஓகாரத் தொடர்களைக் கொண்டே கற்பிக்கலாம். 'போய்விடுமோ' என எழுதியவர், 'போகும்' என்பதற்கும் 'போகாது' என்பதற்கும் தம்மிடமுள்ள காரணங்களை இருபுறமும் வரிசைப்படுத்துவார். மெதுவாக மூச்சுவிடுதல், ஒழுங்கான உறக்கம், அஞ்சி ஒதுக்கியவற்றைப் படிப்படியாக அணுகுதல், தேவைப்படின் மருந்து ஆகியவையும் துணைசெய்யும். எனினும், படபடப்பு இதயம் அல்லது தைராய்டுக் கோளாற்றாலும் வரலாம். ஆகவே அச்சொல்லை மொழிபெயர்ப்பவர் 'பதற்றம்' எனத் தாமே முடிவு செய்யாமல், நோயாளி சொன்னபடியே 'நெஞ்சு அடித்துக்கொள்கிறது' எனப் பெயர்த்தல் கடன். நோயைக் கணிப்பது மருத்துவர் பணி. சொல்லைச் சிதையாமல் கொண்டுசேர்ப்பது நம் பணி.