புதுக் கம்ப்யூட்டர் ஓடவில்லையா?

தில்லியில் நேரு பிளேஸ். மும்பையில் லாமிங்டன் சாலை. பெங்களூரில் எஸ்.பி. சாலை. கொல்கத்தாவில் சாந்தினி சௌக். இவை நான்கும் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் பெயர் பெற்ற கடைவீதிகள்.

இங்கே கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கலாம். பாகங்களைச் சேர்த்துப் பூட்டினால் ஒரு கம்ப்யூட்டர் தயார். இதை அசெம்பிள் செய்வது என்பார்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் இப்படி வாங்குகிறார். பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோரும் வாங்குகிறார்கள். பின்னால் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இது பெரிய வசதி.

ஆனால் சில சமயம் ஒரு சங்கடம் வரும். எல்லாம் பூட்டியாகிவிட்டது. பட்டனை அழுத்தினால் ஓடவில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது. சேர்த்து வைத்த பணமும் கடன் வாங்கிய பணமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மனம் பதறுகிறது. பதற்றத்தில் சிலர் நல்ல பாகத்தையே கெட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். பணம் இரண்டு முறை போகிறது.

பல சமயம் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. ஒரு ஒயர் மாட்டாமல் இருக்கும். அல்லது ஒரு பாகம் சரியாக உட்காராமல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு.

வீட்டில் விளக்கு எரியாவிட்டால்?

விளக்கு எரியவில்லை என்றால் யாரும் முதலில் சுவரை உடைப்பதில்லை. தெருவில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு பியூஸைப் பார்க்கிறார்கள். பிறகு பல்பை மாற்றிப் பார்க்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான். வெளியே பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். சுலபமானதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது?

இரும்புப் பெட்டிக்குக் கேபினட் என்று பெயர். அதன் உள்ளே மதர்போர்டு என்ற பெரிய பலகை இருக்கும். மற்ற எல்லாப் பாகங்களும் அந்தப் பலகையோடுதான் சேரும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு தேவை இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த மின்சாரம் மதர்போர்டுக்குப் போகிறது. கணக்குப் போடும் பிராசஸர் விழித்துக்கொள்கிறது. பலகையில் ஒரு சிறிய சிப் உண்டு. அதில் பயாஸ் என்ற ஆரம்பக் கட்டளைகள் இருக்கின்றன. பிராசஸர் அவற்றைப் படிக்கிறது. ராம் என்ற நினைவகம் இருக்கிறதா என்று பார்க்கிறது. திரைக்குப் படம் அனுப்புகிறது. கடைசியில் டிஸ்கில் உள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸைத் தேடி எடுக்கிறது.

இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்ததோ, அங்கே வேலை நின்றுவிடும். எது வரை வேலை நடந்தது என்று கவனித்தால், கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

அசைவே இல்லை என்றால்

விசிறி சுற்றவில்லை. விளக்கும் இல்லை. அப்படியானால் மின்சாரம் உள்ளே வரவில்லை என்று பொருள். அதே பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் பாயிண்ட் நன்றாக இருக்கிறது. அடுத்து ஒயரை இரு முனையிலும் நன்றாக அழுத்த வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் பெரும்பாலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்கும். கோடு என்றால் ஆன். வட்டம் என்றால் ஆஃப். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சில பழைய வகைகளில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சுவிட்சும் உண்டு. இந்தியாவில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்தால் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கேபினட்டின் பட்டன் ஒயரைப் பார்க்க வேண்டும். அது மிக மெல்லிய ஒயர். மதர்போர்டின் ஓரத்தில் உள்ள இரண்டு பின்களில் அதை மாட்ட வேண்டும். எந்தப் பின் என்பதை மதர்போர்டோடு வரும் கையேடு படம் போட்டுக் காட்டும். பட்டனே கெட்டிருக்குமோ என்று சந்தேகமா? ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டலாம். பிறகு ரீசெட் பட்டனை அழுத்திப் பார்க்கலாம்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

இதுதான் அதிகம் வரும் கோளாறு. முதலில் திரையைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி மின்சாரம் உண்டு. அது ஆன் ஆகியிருக்கிறதா?

அடுத்து, திரையின் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். மதர்போர்டில் மாட்டினால் படம் வராமல் போகலாம். சில பிராசஸர்களுக்குப் படம் காட்டும் வசதியே கிடையாது. அவற்றுக்குக் கார்டு கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று 24 பின் உள்ள பெரிய பிளக். மற்றொன்று பிராசஸருக்கு அருகில் உள்ள சிறிய பிளக். அதில் 4 அல்லது 8 பின் இருக்கும். சிறிய பிளக்கை மறந்தால் விசிறி மட்டும் சுற்றும். பிராசஸர் வேலை செய்யாது.

நான்காவது, ராம். இது நீளமான சிறிய பலகை. இதை அழுத்தினால் ஓரத்தில் உள்ள கிளிப் 'டக்' என்று மூட வேண்டும். சத்தம் வராவிட்டால் ராம் சரியாக உட்காரவில்லை. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பொறுமையும் தேவை. டி.டி.ஆர்.5 என்ற புது வகை ராம் உண்டு. அதைப் போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். அதற்குள் அணைத்துவிடக் கூடாது.

சில மதர்போர்டுகளில் நான்கு சிறிய விளக்குகள் உண்டு. பிராசஸர், ராம், படம், டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேட வேண்டும்.

ஓடி உடனே நின்றுவிட்டால்

பிராசஸர் மிகவும் சூடாகும். அதைக் குளிர வைக்க மேலே கூலர் பூட்டுவார்கள். கூலர் சாய்ந்து இருந்தாலும், அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டாலும் சூடு ஏறும். அப்போது கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும்.

திரையில் எழுத்து வந்தால்

டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுத்து வரலாம். இது நல்ல செய்தி. மின்சாரம், பிராசஸர், ராம், திரை எல்லாம் வேலை செய்கின்றன. டிஸ்கின் ஒயர் மாட்டாமல் இருக்கலாம். அல்லது விண்டோஸ், லினக்ஸ் எதையும் இன்னும் ஏற்றாமல் இருக்கலாம். புது டிஸ்க் காலியாகத்தான் வரும்.

கவனம் தேவை

உள்ளே கை வைப்பதற்கு முன் ஒயரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கேபினட்டின் இரும்பைத் தொட வேண்டும். ஏன்? உடம்பில் நிலைமின்சாரம் சேரும். தில்லி போன்ற ஊர்களில் குளிர்காலக் காற்று வறண்டு இருக்கும். கம்பளி உடுத்தியவர் கதவைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். அந்த அடி சிப்பைக் கெடுத்துவிடலாம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எப்போதும் திறக்கக் கூடாது. ஒயரை எடுத்த பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிருக்கு ஆபத்து. புகையோ கருகிய வாசனையோ வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

பிராசஸரை அடிக்கடி கழற்றவும் கூடாது. அதைப் பொருத்தும் இடத்தில் தலைமுடி போன்ற மெல்லிய பின்கள் உண்டு. ஒன்று வளைந்தாலும் கோளாறு வரும்.

பில் எங்கே?

எல்லாம் பார்த்தும் ஓடவில்லையா? அப்போது ஒரு பாகம் கெட்டிருக்கலாம். அதை வாரண்டியில் மாற்றிக் கேட்கலாம். அதற்குப் பில் வேண்டும். வாங்கும்போதே ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளையும் வீசிவிடக் கூடாது.

கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கடை வேறு ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

நினைவில் கொள்ள

1. முதலில் வெளியே பார்க்க வேண்டும். பிறகு உள்ளே.
2. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.
3. தொடுவதற்கு முன் பிளக்கை எடுக்க வேண்டும்.
4. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கக் கூடாது.
5. என்ன செய்து பார்த்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் போனால் அந்தத் தாள் உதவும். தேவையில்லாத செலவையும் அது தடுக்கும்.